குழந்தை இலக்கணம் படித்தா பேசியது?

மொழி கற்பதைப் பற்றிப் பேச்சு எழும் இடத்திலெல்லாம், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் துண்டறிக்கை முதல் கைப்பேசிச் செயலியின் விளம்பரம் வரை, விடை தெரிந்த பாவனையில் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: குழந்தை இலக்கணம் படித்தா பேசியது? எதிரில் இருப்பவரை வாயடைக்கச் செய்யும் இக்கேள்வியிலிருந்து இரண்டு அறிவுரைகள் பிறக்கின்றன. அயல்மொழி காதில் விழுந்துகொண்டே இருந்தால் அது தானாகவே மனத்தில் படிந்துவிடும், ஆகையால் சமைக்கும்போதும் பேருந்தில் போகும்போதும் எதையாவது ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது முதலாவது. கூச்சத்தை விட்டுத் தப்பும் தவறுமாகவேனும் பேசிக்கொண்டே இருந்தால் பிழைகள் நாளடைவில் உதிர்ந்துவிடும் என்பது இரண்டாவது. இவை முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ கைவிடப்பட்டிருக்கும். பாதி மெய்யாக இருப்பதாலேயே நாற்பது ஆண்டுகளாக நிலைத்து நின்று, கற்பவர்களின் காலத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன.

இக்கருத்துக்குக் கல்வி உலகில் மதிப்பைத் தேடித் தந்தவர் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன். 1980களின் முற்பாதியில் வெளிவந்த நூல்களில் அவர் மொழியைப் 'பெறுதல்' வேறு, 'கற்றல்' வேறு என்று பிரித்தார். பொருளில் மட்டும் கவனம் வைத்துக் கேட்கும்போதும் படிக்கும்போதும் தன்னையறியாமல் நிகழ்வது பெறுதல். விதிகளை அறிந்து நினைவில் இருத்துவது கற்றல். சரளமான பேச்சு முன்னதிலிருந்தே ஊறிவரும், பின்னது வாயிலிருந்து வரப்போவதைத் திருத்திக்கொள்ள மட்டுமே உதவும் என்பது அவர் கோட்பாடு. கற்பவரை வந்தடையும் பேச்சையும் எழுத்தையும் இத்துறையினர் 'உள்ளீடு' என்பர். அந்த உள்ளீடு கற்பவருக்குப் புரிய வேண்டும், அவர் நிற்கும் படிக்கு ஒரு படி மேலே இருக்கவும் வேண்டும் என்பது கிராஷன் விதித்த நிபந்தனை. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றி ஐந்து மதிப்பெண் வாங்கத் தெரிந்த மாணவருக்கு, ரயில் நிலையத்தில் ஆங்கிலத்தில் வழி கேட்க நா எழவில்லை என்பதை ஆண்டுதோறும் கண்டு சலித்த ஆசிரியர்களுக்கு இக்கோட்பாடு விடுதலைப் பத்திரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் இன்று சந்தையில் விற்கப்படும் அறிவுரையில் அந்த நிபந்தனையும் வழியில் எங்கோ தவறிவிட்டது. புரியாத பேச்சைப் பின்னணியில் ஓடவிடுவதற்குக் கிராஷனின் கோட்பாட்டிலேயே இடமில்லை. தூங்குபவரின் தலைமாட்டில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மொழி கற்பிக்கலாம் என்ற வணிகம் ஒருகாலத்தில் அமெரிக்காவில் நடந்ததும், 1950களில் மூளையின் மின்னலைகளைப் பதிந்து தூக்கத்தை உறுதிசெய்துகொண்டு சோதித்தபோது தூங்கியவர் நினைவில் எதுவும் தங்கவில்லை என்று தெரியவந்ததும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

வாதத்தின் அச்சாணி குழந்தை என்பதால் முதலில் குழந்தையையே விசாரிக்க வேண்டும். நாளுக்குப் பத்து மணி நேரம் விழித்திருக்கும் குழந்தை, நான்கு வயது நிறைவதற்குள், மொழி புழங்கும் வீட்டில் 14,000 மணி நேரத்துக்கு மேல் கழித்துவிடுகிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கும் வளர்ந்தவர் ஒருவர் அந்தக் கணக்கை எட்ட 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தன் அலுவலர்கள் அயல்நாட்டில் இறங்கியதும் பேசியாக வேண்டிய கட்டாயத்தில் இருக்கும் அமெரிக்க வெளியுறவுத் துறையோ, அவர்களுக்குத் தமிழ் கற்பிக்க வகுக்கும் காலம் 44 வாரங்கள், வகுப்புக் கணக்கில் 1,100 மணி நேரம். குழந்தையின் வழி இயற்கையானதாக இருக்கலாம். அது மிக நீண்ட வழி என்பதும், வளர்ந்தவர் விதியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அறிவுடையவர் என்பதாலேயே அவருக்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது என்பதும் இந்த எண்களில் தெரிகின்றன.

எண்ணிக்கையைவிடக் குழந்தை கேட்கும் விதம் முக்கியமானது. 'காக்கா பாரு, காக்கா பறக்குது பாரு, எங்க போச்சு காக்கா?' என்று தாய் சொல்லும்போது அவள் விரல் காகத்தின் பக்கம் நீண்டிருக்கிறது; குழந்தையின் பார்வை அந்த விரலைத் தொடர்கிறது; ஒரே சொல் மூன்று தொடர்களில் திரும்ப வருகிறது; குழந்தை 'கா' என்றால் தாய் 'ஆமா, காக்கா' என்று முழுச் சொல்லைத் திருப்பித் தருகிறாள். இதற்கும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதற்கும் உள்ள தொலைவை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீஷியா கூலும் அவர் குழுவினரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினர், சீனத்தின் மாண்டரின் மொழியைப் பேசுவோர் நேரில் அமர்ந்து பொம்மை காட்டிப் புத்தகம் வாசிக்க, 12 அமர்வுகள் கேட்டனர். மற்றவர்கள் அதே பேச்சைத் திரையிலோ ஒலிப்பதிவிலோ கேட்டனர். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரினுக்கே உரிய ஒலி வேறுபாட்டை இனங்கண்டன. திரையிலும் ஒலிப்பதிவிலும் கேட்டவை, மாண்டரினையே கேட்டறியாத குழந்தைகளைவிடச் சிறிதும் தேறவில்லை. 'கேட்டுக்கொண்டே இருங்கள்' என்போர் முதல் சாட்சியாகக் கூண்டில் ஏற்றிய குழந்தையே பிறழ்சாட்சியாகிவிட்டது.

புரிந்தால் போதுமே, புரியும்படி கேட்டால் மொழி வந்துவிடுமே என்று வாதத்தின் வலுவான வடிவம் அடுத்து முன்வரும். இதற்கு மறுப்பைத் தமிழர் வீடுகளிலேயே காணலாம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த பலரைப் பற்றிப் பெற்றோர் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: 'கேட்டால் விளங்கும், கதைக்க வராது.' அம்மம்மா தமிழில் கேட்க, பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் மறுமொழி சொல்ல, இருவருக்கும் எல்லாம் விளங்கிக்கொண்டிருக்கும் அந்த உரையாடல் இருபது ஆண்டுகள் நடந்த பிறகும் பேரப்பிள்ளையின் வாயில் தமிழ் உருவாவதில்லை. அன்பும் உண்டு, நெருக்கமும் உண்டு, புரிதலும் உண்டு. கிராஷன் கேட்ட அனைத்தும் அங்கே இருக்கின்றன.

இன்னொரு சான்றைத் தூர்தர்ஷன் தந்தது. 1987இல் தொடங்கிய ராமாயணத் தொடரும் அதை அடுத்து 1988இல் தொடங்கிய மகாபாரதத் தொடரும் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இந்தியில் ஒளிபரப்பானபோது, இந்தி அறியாத தமிழ்க் குடும்பங்கள், தொலைக்காட்சி இல்லாத அண்டை வீட்டாரையும் கூடத்தில் அமர்த்திக்கொண்டு, அவற்றைப் பார்த்தன. இரண்டும் சேர்ந்து 172 பகுதிகள். கைகேயி வரம் கேட்கும் காட்சியில் யாருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை, கண்ணீர் விடாதவரும் குறைவு. அவ்வளவையும் பார்த்து முடித்தவர்களிடம் எஞ்சிய இந்தி 'பிதாஸ்ரீ', 'மாதாஸ்ரீ', 'ஆயுஷ்மான் பவ' என்ற சில சொற்கள். அவற்றிலும் பெரும்பகுதி வடமொழி. இத்தனை மணி நேரம் போதாது என்று சொல்லித் தப்பிக்க இயலாது, ஏனென்றால் அதே அளவு நேரம் இந்திப் பிரசார சபா வகுப்பில் உட்கார்ந்தவர் எழுத்துக்கூட்டிப் படிக்கவும், 'மேரா', 'மேரீ' என்று பால் வேறுபடுத்திச் சொல்லவும் தேறியிருப்பார். கதை முன்பே தெரிந்திருந்தது. அதனால் எல்லாம் புரிந்தது. எல்லாம் புரிந்ததால் இந்தியைக் கவனிக்க வேண்டிய தேவை யாருக்கும் எழவில்லை.

மறுப்பின் மையம் இதுதான்: புரிவது கற்பதற்கு உதவுவதைப் போலவே கற்பதைத் தடுக்கவும் செய்கிறது. மனிதர் பேச்சைக் கேட்பது பொருளுக்காக. பொருள் கைக்கு வந்த கணமே, பழத்தைத் தின்றவர் தோலை எறிவதைப் போல, அது வந்த வடிவத்தை மனம் எறிந்துவிடுகிறது. மொழிகளோ ஒரே செய்தியை ஒரு தொடரின் இரண்டு மூன்று இடங்களில் குறிக்கும் பழக்கமுடையவை. 'அக்கா வந்தாள்' என்னும்போது வந்தவர் பெண் என்பதை எழுவாயே சொல்லிவிடுகிறது, 'ஆள்' விகுதி அதை மறுபடி சொல்கிறது. பேச்சிலோ 'வந்தாள்' என்பதன் ளகரம் விழுந்து 'வந்தா' ஆகிறது. 'வந்தான்' என்பதன் னகரம் முழுதாக ஒலிக்காமல் மூக்கொலியாகத் தேய்கிறது. ஆணையும் பெண்ணையும் பிரித்துக்காட்டும் முழுச் சுமையும் அந்த மெல்லிய மூக்கொலியின் மேல் நிற்க, அதைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் 'அக்கா' என்ற சொல் பொருளைக் காப்பாற்றிவிடுவதால், வெளியிலிருந்து வந்த காது அதை ஒரு நாளும் தேடுவதில்லை. சென்னையில் ஆண்டுக்கணக்காகத் தொழில் செய்து, தமிழைத் தடையின்றிப் புரிந்துகொள்ளும் வடநாட்டார் சிலர் இன்னமும் 'அக்கா வந்தான்' என்பது அறிவுக்குறைவால் அன்று, அவர்கள் காது சிக்கனமானது என்பதால்தான்.

ஆங்கிலம் கேட்கும் தமிழர் காதும் இதே சிக்கனத்தைத்தான் செய்கிறது. 'யெஸ்டர்டே ஹீ வாக்ட் டு த ஸ்டேஷன்' என்ற தொடரை இயல்பான வேகத்தில் ஆங்கிலேயர் சொல்லும்போது, 'வாக்ட்' என்பதன் இறுதி ஒலியும் 'டு'வின் முதலொலியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 'வாக் டு' தான். இறந்தகாலம் என்பதை 'யெஸ்டர்டே' முன்பே அறிவித்துவிட்டது. கேட்பவருக்கு எதுவும் குறையவில்லை, ஆகவே எதுவும் சேரவும் இல்லை. இத்தகைய தொடர்களை ஆயிரம் மணி நேரம் கேட்டாலும், அங்கே ஓர் ஒலி இருக்க வேண்டும் என்று அறியாதவருக்கு அது கேட்கப்போவதில்லை. அறிந்தவருக்கோ இல்லாத இடத்திலும் கேட்கும். ஒலிகளைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினம். ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டியபடி, இந்தியில் தகரத்துக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறேழு மாதக் குழந்தைகள் இனங்காண்கின்றன; ஓராண்டு நிறைவதற்குள் அத்திறனைப் பெரிதும் இழந்துவிடுகின்றன. மொழிக்குத் தேவையில்லாததைக் கேட்காதிருக்கப் பழகுவதும் தாய்மொழிக் கல்வியின் ஒரு பகுதி. (தமிழர் பெருமிதத்தோடு பேசும் ழகரத்தைத் தமிழரில் கணிசமானோரே 'வாளப்பளம்' என்று இழந்திருப்பதும், பிறந்தது முதல் கேட்ட பேச்சினால் அதை மீட்க முடியாமல் பள்ளி ஆசிரியர் வாய்விட்டுப் படிக்கச் சொல்லித் திருத்த வேண்டியிருப்பதும் கேள்வி மட்டுமே போதுமென்போர் எண்ணிப்பார்க்க வேண்டியவை.)

புரியும்படி கேட்டாலே மொழி வந்துவிடும் என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த நாடு கனடா. 1965இல் மாண்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பெர்ட்டில், ஆங்கிலம் பேசும் பெற்றோரின் முயற்சியால், மழலையர் வகுப்பிலிருந்தே பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் நடத்தும் 'அமிழ்வு'க் கல்வி தொடங்கி நாடெங்கும் பரவியது. பிரெஞ்சைப் பாடமாகப் படிக்காமல் பிரெஞ்சில் கணக்கும் வரலாறும் படித்த இம்மாணவர்கள், சில ஆண்டுகளில் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் படித்துப் புரிந்துகொள்வதிலும் பிரெஞ்சுத் தாய்மொழி மாணவர்களை நெருங்கினர். பேச்சிலும் எழுத்திலும் கதை வேறாக இருந்தது. பெயர்ச்சொற்களின் பால், வினையின் காலம், மரியாதைப் பன்மை ஆகியவற்றில் பிழைகள் ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகும் நீங்கவில்லை. பொருள் புரிந்தவரை ஆசிரியர் பாடத்தை நகர்த்திக்கொண்டு போனார். மாணவரும் வகுப்புத் தோழர்களுக்கு விளங்கும் பிரெஞ்சோடு நிறைவடைந்தனர். இவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் வந்தடைந்த முடிவு, கேட்பவர் வடிவத்தைத் தாண்டிக் குதித்துவிடலாம், பேசுபவரோ எழுதுபவரோ ஏதேனும் ஒரு வடிவத்தைத் தேர்ந்தே ஆக வேண்டும், ஆகவே துல்லியமாகச் சொல்லும்படி கற்பவரை நெருக்க வேண்டும் என்பது.

பேச்சுப் பயிற்சிக் கட்சியினர் இம்முடிவைத் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஸ்வெய்ன் சொன்னது நெருக்கப்பட்ட பேச்சை. அவர்கள் பரிந்துரைப்பதோ நெருக்கடியே இல்லாத அரட்டையை. வெறும் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரிச்சர்ட் ஷ்மிட் 1983இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் மறுக்கப்படாத சான்று. 'வெஸ்' என்ற புனைபெயரில் அவர் குறிப்பிடும் ஜப்பானிய ஓவியர் ஹவாயில் குடியேறி, ஆங்கிலம் பேசுவோரோடு தொழில் செய்து, அவர்களோடே நட்புக் கொண்டு வாழ்ந்தவர், கூச்சம் அறியாதவர், கலகலப்பானவர். மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் அவர் உரையாடும் திறன், கேட்பவரைத் தம் பக்கம் ஈர்க்கும் திறன், எல்லாம் வளர்ந்திருந்தன. பன்மை விகுதியும் இறந்தகால விகுதியும் மட்டும் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தன. பிழைகள் காலப்போக்கில் உதிரும் என்பவர்கள் வெஸ்ஸின் பிழைகள் ஏன் உதிரவில்லை என்பதற்கு விடை சொல்ல வேண்டும். லாரி செலிங்கர் 1972லேயே இதற்கு ஒரு பெயர் வைத்தார். கற்பவர் மொழி அரைகுறை நிலையில் கல்லாக இறுகிப்போவதைத் தொல்லுயிர்ப் படிவத்தோடு ஒப்பிட்ட அப்பெயரைத் தமிழில் 'உறைதல்' எனலாம்.

உரையாடல் ஏன் திருத்துவதில்லை என்பதை அறிய ஹவாய் வரை போகத் தேவையில்லை. திருப்பூரின் பின்னலாடைத் தொழிற்கூடங்களில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் தொழிலாளரிடம் மேற்பார்வையாளர் பேசும் தமிழைக் கேட்டால் போதும். 'நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க' என்று தம் ஊர்க்காரரிடம் சொல்பவர், இவர்களிடம் 'நாளைக்கு சீக்கிரம் வா' என்கிறார். விகுதிகளும் உருபுகளும் மரியாதையும் கழன்றுவிடுகின்றன. அயலாரிடம் தாய்மொழியாளர் தம் மொழியையே சிதைத்துப் பேசும் இவ்வழக்கம் உலகெங்கும் உண்டு. அவ்வாறு சிதைத்துக் கொடுக்கப்பட்டதைத்தான் கற்பவர் திருப்பித் தருகிறார். திருப்பித் தந்தது புரிந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. முகத்துக்கு நேரே திருத்துவது நாகரிகமும் அன்று. உரையாடலின் நோக்கம் வேலை நடப்பது, மொழி வளர்வது அன்று. ஒரே தாய்மொழியைக் கொண்ட இருவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் எதிரெதிரே அமர்ந்து 'டுமாரோ யூ கமிங், நோ?' என்று பழகும்போது இது இன்னும் முற்றுகிறது, ஏனெனில் அங்கே சரியான வடிவம் அறையிலேயே இல்லை.

இந்த ஆபத்தை மிக நன்றாக உணர்ந்திருந்தவர், இலக்கணத்தை ஒதுக்கி வைத்துக் கற்பிக்க முடியும் என்று நம்பிய ஒருவரே என்பது சுவையான செய்தி. என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் பள்ளிகளில் நடத்திய திட்டம், ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, விடை காண வேண்டிய பணிகளின் வழியே ஆங்கிலம் கற்பித்தது. பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகம் அறிந்துள்ள முறைக்கு அது முன்னோடி. அவரும் பொருளில் மனம் ஊன்றும்போது இலக்கணம் உள்ளே வளரும் என்றே கருதினார். ஆனால் மாணவரைக் குழுக்களாகப் பிரித்துத் தங்களுக்குள் ஆங்கிலம் பேசவிட அவர் இசையவில்லை. ஒருவர் பிழையை மற்றவர் கேட்டுக் கேட்டு அரைகுறை மொழியே இறுகிவிடும் என்று அஞ்சினார். அவர் வகுப்பில் பேச்சு ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே நடந்தது, ஒவ்வொரு பணிக்கும் சரி, தவறு என்று முடிவும் இருந்தது. அவர் திட்டத்தைச் 'சும்மா பேசினால் மொழி வரும்' என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது பிரபுவுக்கு இழைக்கும் அநீதி.

இவ்வளவும் சொன்னதால் பழைய இலக்கண வகுப்புக்குப் பரிந்து பேசுவதாகக் கொள்ளக் கூடாது. விதியை மனப்பாடம் செய்தவருக்குப் பேச்சு வருவதில்லை என்ற கிராஷனின் குற்றச்சாட்டு சரியானது. நிறையக் கேட்காமல், நிறையப் படிக்காமல் எவரும் மொழியில் தேர்ந்ததும் இல்லை. தகராறு விதியின் வேலை என்ன என்பதில்தான். ஷ்மிட் பிரேசிலில் ஐந்து மாதம் தங்கிப் போர்த்துக்கீசியம் கற்றபோது நாள்தோறும் குறிப்பேடு எழுதினார்; இடையிடையே தம் பேச்சையும் பதிவுசெய்தார். சில்வியா ஃப்ரோட்டாவுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டபோது, சுற்றியிருந்தோர் பேச்சில் தொடக்கம் முதலே இருந்துவந்த வடிவங்கள் அவர் வாயில் வந்தது, அவற்றைத் தாம் கண்டுகொண்டதாகக் குறிப்பேட்டில் எழுதிய பிறகுதான் என்று பெரும்பாலும் தெரிந்தது. விதி பேச்சை உண்டாக்குவதில்லை. காது எதைத் தேட வேண்டும் என்பதை அது சொல்கிறது. தேடும் காதுக்குத்தான் பிறகு கேட்கும் ஆயிரம் மணி நேரமும் பயன்படுகிறது. தமிழில் 'கேள்' என்ற ஒரே வினை செவிமடுப்பதையும் வினவுவதையும் குறிப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்துச் சிறுவர்களோடு மணலில் எழுதிப் பழகியதும், பின்பு ஓலைச் சுவடிகளைப் புலவர் ஒருவர் முன்னிலையில் வாய்விட்டுப் படித்துப் புதுச்சொற்களை எழுதிவைக்கச் செய்ததும் இரண்டு பொருளிலும் கேட்டவரின் வேலை. தமிழ் பேசும் கடற்கரை ஊரில் அவருக்குக் கேட்பதற்குத் தமிழ் குறைவாக இருந்ததால் அவர் அப்படிச் செய்யவில்லை.

பள்ளிகளில் வழக்கொழிந்துவரும் எளிய பயிற்சி ஒன்று இந்த வேலையைச் செலவில்லாமல் செய்யும்: சொல்வதெழுதுதல். பதினைந்து நொடி நீளமுள்ள ஆங்கிலப் பேச்சைக் கைப்பேசியில் ஓடவிட்டு, நிறுத்தி, கேட்டதைத் தாளில் எழுதுபவர் 'யெஸ்டர்டே ஹீ வாக் டு' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்துவார். மறுபடி ஓடவிட்டாலும் அதேதான் கேட்கும். பிறகு 'யெஸ்டர்டே' என்ற சொல் கண்ணில் உறுத்தும். அந்த இடத்தில் ஏதோ விடுபட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். மூன்றாம் முறை 'க்' என்ற ஒலிக்குப் பின் நாக்கு ஒரு கணம் அதிகமாகத் தங்கி விடுபடுவது காதில் படும். அவர் பின்னோக்கிச் சென்று, முன்பு எழுதிய சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துவிட்டு, நான்காம் முறை ஓடவிடுகிறார்.